மருந்துக்கடை – 14: தூக்க மருந்து கிட்னியைக் காப்பாத்துமா?



போன வாரம் பாராசிட்டமாலைப் பத்தி எழுதினதுக்கு வந்த கேள்விகளுக்கே இன்னும் பதில் போட்டு முடியலை. அதுக்குள்ள வியாழக்கிழமை வந்து கதவைத் தட்டுது. கரண்ட் இருக்கும்போதே எழுதி ஏத்திடணும். யாங்கோன்ல கரண்ட் எப்ப வரும், எப்ப போகும்னு சொல்றதுக்கு ஜோசியம் படிச்சிருக்கணும். நான் படிச்சது பி.பார்ம் மட்டும்தான்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி அறிமுகம்: ஊர்ல மருந்தியல் முடிச்சிட்டு, பர்மிய மொழி படிக்கணும்னு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற விநோத ஜந்து நான். டாக்டர் இல்லை. வாரம் ஒரு மருந்தை எடுத்து, அது என்ன செய்யுது, என்ன செய்யாதுன்னு தெரிஞ்ச வரைக்கும் எழுதறதுதான் இந்த மருந்துக்கடை. கடையில சரக்கு இல்லை, பேச்சு மட்டும்தான் :-)

இந்த வார மருந்தோட பேரைச் சொன்னாலே நாக்கு சுளுக்கும். டெக்ஸ்மெடெடோமிடின். (இனிமேல் 'டெக்ஸ்'னு சுருக்கிக்கறேன். ஆஸ்பத்திரிகள்லயும் பல பேர் அப்படித்தான் சொல்றாங்க.)

இது ஒரு தூக்க மருந்து. ஆபரேஷன் தியேட்டர்லயும் ஐ.சி.யூ.விலயும் நரம்பு வழியா சொட்டுச் சொட்டா ஏத்துவாங்க. இது சம்பந்தமா ஒரு சேதி கைப்பேசி கைப்பேசியா சுத்திக்கிட்டிருக்கு. சாராம்சம் இதுதான்: "இதய ஆபரேஷன் செய்யும்போது இந்த மருந்தைக் கொடுத்தால் இதயம், கிட்னி, மூளை மூன்றும் பாதுகாக்கப்படும். இதைக் கொடுக்கிற ஆஸ்பத்திரிக்கு மட்டும் போங்கள்."

வழக்கமா வர்ற 'சுண்டக்காய் சாப்பிட்டால் கேன்சர் ஓடிப்போகும்' வகையறான்னு தள்ளிவிட முடியலை. ஏன்னா இதுல பாதி உண்மை இருக்கு. முழுப் பொய்யை விட பாதி உண்மைதான் வீட்டைப் புரட்டிப் போடும்.

நாய்க்கும் மனுஷனுக்கும் ஒரே குடும்பம்

மெடெடோமிடின்னு ஒரு மருந்து. பின்லாந்துல உருவானது. நாய், பூனைகளை மயக்கத்துல ஆழ்த்த கால்நடை டாக்டர்கள் பயன்படுத்தினது. ஒரு மருந்தோட மூலக்கூறு சில சமயம் வலது கை, இடது கை மாதிரி ரெண்டு வடிவத்துல இருக்கும். பார்க்க ஒண்ணு, ஆனா வலது கை உறையை இடது கையில போட முடியாது இல்லையா, அந்த மாதிரி. மெடெடோமிடின்ல வேலை செய்யற 'வலது கை'யை மட்டும் பிரிச்சு எடுத்ததுதான் டெக்ஸ். அமெரிக்காவுல 1999 டிசம்பர்ல மனுஷங்களுக்கு அனுமதி கொடுத்தாங்க. ஐ.சி.யூ.வுல 24 மணி நேரம் வரைக்கும் கொடுக்கலாம்னு. ஐரோப்பாவுல அனுமதி கிடைச்சது 2011ல.

மற்ற தூக்க மருந்துகளுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? மிடாசோலம், ப்ரொபோஃபால் மாதிரி மருந்துகள் மூளையில 'அடங்கு, அடங்கு'ன்னு சொல்ற காபா அமைப்பைத் தூண்டி ஆளைச் சாய்க்கும். டெக்ஸ் அந்த வழியில போகாது. மூளைத்தண்டுல 'லோகஸ் செருலியஸ்'னு ஒரு சின்ன இடம் இருக்கு. நம்மை விழிப்பா வெச்சிருக்கிற நார்அட்ரினலின் அங்கேருந்துதான் மூளை பூரா போகுது. டெக்ஸ் அங்கே இருக்கிற ஆல்ஃபா 2 ஏற்பிகள்ல உட்கார்ந்து அந்தக் குழாயை மூடுது.

அதனால டெக்ஸ் கொடுத்தவர் இயல்பான தூக்கத்துல இருக்கிற மாதிரி இருப்பார். தோளைத் தட்டி "ஐயா, கண்ணைத் திறங்க"ன்னா திறப்பார். கையை அழுத்தச் சொன்னா அழுத்துவார். விட்டா மறுபடி தூங்கிடுவார். மூச்சு விடுறதையும் பெரிசா அமுக்காது. ஐ.சி.யூ. டாக்டர்களுக்கு இது பிடிச்சுப் போனதுல ஆச்சரியம் இல்லை.

சரி, தூங்க வைக்கிற மருந்துக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்?

இதயத்தை நிறுத்தினா என்ன ஆகும்?

பைபாஸ், வால்வு ஆபரேஷன்கள்ல பெரும்பாலும் இதயத்தை நிறுத்திட்டுத்தான் வேலை செய்வாங்க. அந்த நேரத்துல ஹார்ட்-லங் மெஷின் ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் கலந்து, திருப்பி அனுப்பும். அமெரிக்காவுல ஜான் கிப்பன் 1953 மே 6ஆம் தேதி இந்த மெஷினை வெச்சு ஒரு பெண்ணோட இதயத்துல இருந்த ஓட்டையை அடைச்சார். அதுலேருந்துதான் இந்த வழி திறந்தது. நம்ம பக்கத்துல, இந்தியாவோட முதல் கரோனரி பைபாஸ் 1975ல நடந்தது சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில. செஞ்சவர் டாக்டர் கே.எம். செரியன். 2025 ஜனவரியில காலமானார். பெரம்பூர்வாசிகள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

மெஷின் உயிரைக் காப்பாத்துது, ஆனா வாடகை வாங்காம விடாது. ரத்தம் பிளாஸ்டிக் குழாய்ல ஓடும்போது 'ஏதோ அந்நியப் பொருள் வந்துடுச்சு'ன்னு உடம்பு அலறுது. அழற்சி கிளம்புது. கொஞ்சம் சிவப்பணு உடையுது, அதுலேருந்து கசியற ஹீமோகுளோபின் கிட்னியைப் பாதிக்குது. உடம்போட மன அழுத்த ஹார்மோன்கள் எகிறி ரத்தக்குழாய்களைச் சுருக்குது.

இன்னொண்ணு இருக்கு. ரத்த ஓட்டம் குறைஞ்ச திசுவுக்கு மறுபடி முழு வேகத்துல ரத்தம் பாயும்போது, அந்தப் பாய்ச்சலே சேதம் பண்ணும். ரெண்டு நாள் கார்ப்பரேஷன் தண்ணி நின்னுட்டு மூணாம் நாள் குழாயைத் திறந்தா, முதல்ல கலங்கலும் துருவுமா சீறிக்கிட்டு வரும் பாருங்க, அந்த மாதிரி.

இதுல முதல்ல அடி வாங்கறது கிட்னி. இதயம் தள்ளுற ரத்தத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கிட்னிக்குத்தான் போகுது. ஆனா கிட்னியோட உள்பகுதி எப்பவுமே ஆக்சிஜன் பற்றாக்குறையில ஓட்டற குடும்பம். கொஞ்சம் குறைஞ்சாலும் தாங்காது. ஆபரேஷன் முடிஞ்சு 48 மணி நேரத்துக்குள்ள கிரியேட்டினின் 0.3 ஏறினாலே 'கிட்னிக்குத் திடீர்ப் பாதிப்பு'ன்னு குறிச்சுக்குவாங்க. நிறைய பேருக்கு அது சரியாகிடும். சிலருக்கு டயாலிசிஸ் வரைக்கும் போகும்.

இப்ப டெக்ஸ் உள்ளே வருது. அது நார்அட்ரினலினைக் குறைக்குது இல்லையா? அப்ப கிட்னியோட ரத்தக்குழாய் சுருங்கறது குறையணும். இதயத்துடிப்பு நிதானமாகும், இதயத்தோட ஆக்சிஜன் தேவை குறையணும். விலங்குகள்ல செஞ்ச சோதனைகள்ல அழற்சி குறைஞ்சதையும், ரத்தம் நின்னு மறுபடி பாயும்போது வர்ற சேதம் குறைஞ்சதையும் பார்த்திருக்காங்க. காகிதத்துல கணக்கு அழகா வருது.

பாதி உண்மை எது?

2013ல 'சர்குலேஷன்' இதழ்ல அமெரிக்காவுலேருந்து ஒரு ஆய்வு வந்தது. இதய ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட 1134 பேரோட பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தாங்க. டெக்ஸ் வாங்கினவங்கள்ல ஆஸ்பத்திரியிலேயே இறந்தவங்க 1.23%. வாங்காதவங்கள்ல 4.59%. அடேங்கப்பா!

2016ல தென்கொரியாவுலேருந்து இன்னொண்ணு. 200 பேர். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ரெண்டு கோஷ்டியாப் பிரிச்சாங்க. டெக்ஸ் வாங்கினவங்கள்ல 14 சதவீதத்துக்கு கிட்னிப் பாதிப்பு. வாங்காதவங்கள்ல 33 சதவீதத்துக்கு. அதே வருஷம் கனடாவுல, இதய ஆபரேஷன் ஆன 183 முதியவர்கள்ல, டெக்ஸ் வாங்கினவங்கள்ல 17.5 சதவீதத்துக்குத்தான் மனக்குழப்பம் வந்தது. ப்ரொபோஃபால் வாங்கினவங்கள்ல 31.5%.

(மனக்குழப்பம்னா சாதாரணமா நினைக்காதீங்க. ஆபரேஷன் ஆன மறுநாள் பெரியவர் மகனையே "நீ யாருப்பா?"ன்னு கேட்பார், குழாயைப் பிடுங்குவார், இல்லாத ஆளோட பேசுவார். பார்க்கிற வீட்டுக்காரங்க ஆடிப் போயிடுவாங்க.)

கைப்பேசிச் சேதி எழுதின புண்ணியவான் இந்த இடத்தோட நிறுத்திட்டார். நாம இன்னும் கொஞ்ச தூரம் போவோம்.

மீதி பாதி

2020ல 'லான்செட்'ல டெகேட்னு ஒரு பெரிய சோதனையோட முடிவு வந்தது. அமெரிக்காவுல ஆறு ஆஸ்பத்திரிகள், 800க்குக் கொஞ்சம் குறைவான பேர், எல்லாரும் இதய ஆபரேஷன் நோயாளிகள். கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே மருந்தை ஆரம்பிச்சு 24 மணி நேரம் கொடுத்தாங்க. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் உப்புத் தண்ணின்னு நோயாளிக்குத் தெரியாது.

இதயத்துடிப்பு தாறுமாறா ஆகறது: டெக்ஸ் கோஷ்டியில 30%, மத்தவங்கள்ல 34%. தற்செயலா வரக்கூடிய வித்தியாசம்தான். மனக்குழப்பம்: டெக்ஸ்ல 17%, மத்தவங்கள்ல 12%. அதாவது குறையலை, ஏறுமுகமா இருந்தது! ரத்த அழுத்தம் இறங்கிப் போன தொல்லை வேற.

அதுக்கு முந்தின வருஷம், 2019ல, ஸ்பைஸ் 3ன்னு இன்னொரு மாபெரும் சோதனை. இது இதய ஆபரேஷன் பத்தினது இல்லை, வென்டிலேட்டர்ல இருக்கிற பொதுவான ஐ.சி.யூ. நோயாளிகள், ஏறத்தாழ 4000 பேர். 90 நாள்ல இறந்தவங்க ரெண்டு பக்கமும் 29.1%. புள்ளி வெச்ச மாதிரி சமம். ஆனா வயசு வாரியாப் பிரிச்சுப் பார்த்தப்ப, 65க்குக் கீழே இருக்கிறவங்களுக்கு டெக்ஸ் நல்லதா இல்லைன்னு சந்தேகம் வந்தது. 2022ல ஐரோப்பிய மருந்து அமைப்பு இதை டாக்டர்களுக்கு எச்சரிக்கையாவே அனுப்புச்சு.

அப்ப முதல்ல வந்த ஆய்வெல்லாம் பொய்யா? இல்லை மக்களே. 2013 ஆய்வுல மருந்து யாருக்குன்னு முடிவு பண்ணினது மயக்க மருந்து டாக்டர்கள். துடிப்பு ஏற்கெனவே மெதுவா இருக்கிறவர், ரத்த அழுத்தம் தள்ளாடுறவர், இவங்களுக்கு டெக்ஸ் கொடுக்க யோசிப்பாங்க. அப்ப மருந்து வாங்கின கூட்டம் முதல்லயே கொஞ்சம் தெம்பான கூட்டமா இருந்திருக்கலாம். கணக்குப் போட்டு இதைச் சரிக்கட்டப் பார்த்தாங்கதான், ஆனா பதிவேட்டுல எழுதாததைக் கணக்குல சேர்க்க முடியாது. 200 பேர் ஆய்வு ஒழுங்கா நடந்ததுதான், ஆனா சின்னது. சின்னக் கூட்டத்துல நாலு பேர் இந்தப் பக்கம் சாய்ஞ்சாலே சதவீதம் மாறிடும். கிரிக்கெட்ல முதல் ரெண்டு மேட்ச்ல செஞ்சுரி அடிச்சவன் சராசரியைப் பார்த்து 'அடுத்த டெண்டுல்கர்'னு எழுதற பத்திரிகை மாதிரிதான்.

டெக்ஸுக்குப் பெருமை சேர்க்கிற சோதனையும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 2016ல சீனாவுல, இதயம் தவிர்த்த ஆபரேஷன்கள் ஆன 65 வயசுக்கு மேற்பட்ட 700 பேருக்குக் கொஞ்சூண்டு டோஸ் கொடுத்ததுல, மனக்குழப்பம் 23 சதவீதத்துலேருந்து 9ஆக் குறைஞ்சது. ஆள் வேற, ஆபரேஷன் வேற, டோஸ் வேற. இதை எடுத்து இதய ஆபரேஷனுக்கு அப்படியே ஒட்ட முடியாது.

என் முடிவு: டெக்ஸ் நல்ல தூக்க மருந்து. உறுப்புகளுக்குக் கவசம்னு இன்னும் நிரூபணம் ஆகலை.

இதை எழுத வேண்டி வந்த காரணம்

யாங்கோன்ல அனோரத்தா சாலைப் பக்கம் நாலு தலைமுறையா இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பம். (அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், பேர் வேண்டாம்னாங்க.) வீட்டுல பேசறது தமிழ், காசு எண்றது பர்மியம். வீட்டுப் பெரியவருக்கு 61 வயசு. பதினஞ்சு வருஷமா சர்க்கரை. மூணு ரத்தக்குழாய்லயும் அடைப்பு. கிரியேட்டினின் 1.6. இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில பைபாஸுக்குத் தேதி கொடுத்து, தள்ளிப் போடாதீங்கன்னும் சொல்லிட்டாங்க. அந்த நேரத்துல பார்த்து இந்தச் சேதி அவங்க மக கைக்கு வந்திருக்கு.

அக்கா என்கிட்ட கேட்டது இதுதான். "தம்பி, இந்த மருந்துக்காக அப்பாவை பாங்காக் வழியா மெட்ராஸ் கூட்டிட்டுப் போகணுமா? நகையை வித்தா பணம் புரளும். ஆனா பாஸ்போர்ட், விசான்னு ஒரு மாசம் போயிடும். போகாம இருந்து நாளைக்கு அப்பா கிட்னி போச்சுன்னா, தெரிஞ்சும் விட்டுட்டோமேன்னு இருக்காதா?"

2021 பிப்ரவரிக்குப் பிறகு இங்கே அரசு ஆஸ்பத்திரிகளை விட்டு வெளியேறின டாக்டர்கள் நிறைய. அதனால 'இங்கே பார்க்கலாமா, வெளியே போகலாமா'ங்கிறது ஒவ்வொரு வீட்லயும் ராத்திரி தூங்க விடாத கேள்வி. அந்தப் பயத்துல அர்த்தம் இருக்கு. ஆனா அந்தக் கேள்விக்கு ஒரு தூக்க மருந்தோட பேரைப் பதிலா வைக்கக் கூடாது.

அக்காகிட்ட நான் சொன்னது: மெட்ராஸ் போறதுக்கு வேற காரணம் இருந்தா போங்க. அந்த சர்ஜன் மேல நம்பிக்கை, அங்கே பார்த்துக்க சொந்தக்காரங்க இருக்காங்க, எது வேணா இருக்கலாம். இந்த மருந்துக்காக மட்டும் போகாதீங்க. மூணு குழாய் அடைச்ச இதயத்துக்கு ஒரு மாசம் தாமதங்கிறது நிச்சயமான ஆபத்து. டெக்ஸ் தரப்போற லாபம் நிச்சயமில்லை. அதுவும் அவர் வயசு 61.

இன்னொண்ணும் சொன்னேன். டெக்ஸ் கொடுக்கலாமா வேண்டாமாங்கிறது மயக்க மருந்து டாக்டரோட முடிவு. அது இதயத்துடிப்பை மெதுவாக்கும், அழுத்தத்தை இறக்கும். ஏற்கெனவே துடிப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடறவருக்கும், இதயத்துல மின்தடை இருக்கிறவருக்கும் இது வம்பாகலாம். வீட்டுக்காரங்க போய் "அதைப் போட்டே ஆகணும்"னு அழுத்தம் கொடுக்கிறது, ஓடற பஸ்ல டிரைவர் கையைப் பிடிச்சு ஸ்டீயரிங்கைத் திருப்பற மாதிரி.

அப்ப கிட்னியைக் காப்பாத்த என்னதான் வழி?

இருக்கு. ஆனா எதுவும் பளபளன்னு இருக்காது, அதனாலதான் யாரும் இதையெல்லாம் ஃபார்வர்டு பண்றதில்லை.

2017ல ஜெர்மனியில கிட்னி ஆபத்து அதிகமா இருந்த 276 இதய ஆபரேஷன் நோயாளிகளை வெச்சு ஒரு சோதனை. புது மருந்து ஒண்ணும் இல்லை. ரத்த அழுத்தம், உடம்புல இருக்கிற நீர் அளவு ரெண்டையும் நெருக்கமா கண்காணிக்கிறது, சர்க்கரையை ஏற விடாம வெச்சிருக்கிறது, கிட்னிக்கு ஆகாத மருந்துகளை நிறுத்தறது. அவ்வளவுதான். கிட்னிப் பாதிப்பு 71.7 சதவீதத்துலேருந்து 55.1ஆ இறங்கிச்சு.

2024ல இன்னும் பெரிசா ஒண்ணு வந்தது. 3511 இதய ஆபரேஷன் நோயாளிகள். அமினோ அமிலக் கரைசலை நரம்பு வழியா ஏத்தினாங்க. கிட்னிப் பாதிப்பு 31.7 சதவீதத்துலேருந்து 26.9ஆக் குறைஞ்சது. பாதியாக் குறைஞ்சுதுன்னு பட்டாசு வெடிக்கிற எண் இல்லை. ஆனா 3511 பேர்ல பார்த்த எண், அதனால கொஞ்சம் நம்பிக்கையா கையில பிடிக்கலாம்.

உங்க வீட்டுலயும் யாருக்காவது இதய ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா, டாக்டர்கிட்ட கேட்க வேண்டியதை இங்கே எழுதிடறேன். நகல் எடுத்து வெச்சுக்கங்க.

1. இப்ப கிரியேட்டினின் எவ்வளவு? ஆறு மாசம் முன்னாடி எவ்வளவு இருந்தது? பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துட்டுப் போங்க. ஒரு எண்ணை விட ரெண்டு எண் நிறையப் பேசும்.

2. ஆஞ்சியோகிராமுக்குப் போட்ட சாயமும் கிட்னியைத் தொந்தரவு பண்ணலாம். அதுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவுல எத்தனை நாள் விடப் போறாங்க? அவசரம்னா விட முடியாது. அவசரம் இல்லைன்னா கேட்கலாம்.

3. மூட்டு வலிக்குன்னு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் சாப்பிடறாங்களா? கடையில நாமளே வாங்கிப் போடற மாத்திரையை டாக்டர்கிட்ட சொல்ற வழக்கமே நம்ம ஆளுங்களுக்குக் கிடையாது. கிட்னிக்கு இதுதான் வீட்டுக்குள்ளேயே இருக்கிற எதிரி. நாட்டு மருந்து, லேகியம் இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க.

4. சர்க்கரை மாத்திரைகள்ல எதை, எப்ப நிறுத்தணும்? டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் மாதிரி மருந்துகளை ஆபரேஷனுக்கு மூணு நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்றாங்க. பிரஷர் மாத்திரையையும் சேர்த்துக் கேளுங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க.

5. ஆபரேஷனுக்கு அப்புறம் சிறுநீர் அளவை மணிக்கு மணி குறிக்கிறாங்களா? தேவைப்பட்டா அதே ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் வசதி இருக்கா? ராத்திரியில ஒரு நர்ஸ் எத்தனை பேரைப் பார்க்கிறாங்க?

6. ஐ.சி.யூ.வுல பெரியவரோட கண்ணாடியையும் காது மெஷினையும் சீக்கிரமா திருப்பிக் கொடுக்க முடியுமா? வீட்டாள் ஒருத்தர் போய்ப் பேச விடுவாங்களா? மனக்குழப்பத்தைக் குறைக்க உதவற விஷயங்கள் இவை. காசு செலவே இல்லை. யாங்கோன் மாதிரி ஊர்ல இது இன்னும் முக்கியம். கண் முழிச்சதும் சுத்தி எல்லாரும் பர்மியத்துல பேசும்போது, தமிழ்ல "அப்பா, நான்தான்"னு ஒரு குரல் கேட்கணும் இல்லையா?

அஞ்சாவது கேள்விக்குச் சரியான பதில் சொல்ற ஆஸ்பத்திரி யாங்கோன்ல இருந்தாலும் சரி, மதுரையில இருந்தாலும் சரி, அங்கே படுக்கலாம். டெக்ஸ் அங்கே கொடுக்கிறாங்களா இல்லையாங்கிறது அதுக்கப்புறம்தான்.

உங்க வீட்டுல, சொந்தத்துல பைபாஸ் ஆனவங்க இருந்தா, ஆபரேஷனுக்கு முன்னாடி யாருமே சொல்லாம விட்டது எதுன்னு எழுதுங்க. இந்தப் பட்டியல்ல சேர்த்துடறேன். மருந்தாளுநர், டாக்டர் நண்பர்கள் யாராவது படிச்சு, எங்கேயாவது இடறியிருந்தா தயங்காம குட்டுங்க, திருத்திக்கறேன்.

அடுத்த வியாழன்: மூட்டு வலி மாத்திரை. மூணாவது நம்பரைப் பார்த்துட்டு இப்பவே மூணு பேர் முறைக்கிறது தெரியுது :-)